நர்சம்மாவின் சல்யூட் பாக்கி

எங்கள் ஊரில் மிலிட்டரிக்காரர் என்றால் அது மணவாளன் ஒருத்தர்தான். முறுக்கு மீசை, கேன்டீன் பாட்டில், காஷ்மீர் கதை மூன்றும் அவரிடம் இருந்தன. மூன்றில் எங்கள் ஊர் ஆம்பளைகள் அதிகம் மதித்தது பாட்டிலைத்தான். அதனால் 2006 உள்ளாட்சித் தேர்தலில் நர்சம்மா ராஜாமணி ‘முன்னாள் ராணுவ அதிகாரி’ என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தபோது டீக்கடையில் சிரிப்பு அடங்கவில்லை.

நான் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் இருக்கிற எங்கள் ஊரில், யார் என்ன புளுகினாலும் அது என் ஸ்பீக்கர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனவே நடந்ததைச் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடையாது.

ராஜாமணி இதே ஊரில் பிறந்தவர். நர்சிங் படித்துவிட்டு வடக்கே போனவர், பதினாலு வருஷம் கழித்துத் தனியாளாகத் திரும்பி வந்து சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். வடக்கே எங்கே இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். சுனாமி அன்றைக்குக் கடற்கரையிலிருந்து தூக்கி வந்தவர்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கவைத்து, யாரை முதலில் பார்ப்பது, யாரை அப்புறம் பார்ப்பது என்று அதட்டி அதட்டி வேலை வாங்கியவர் அவர்தான். தகரம் கிழித்த என் காலையும் அவர்தான் தைத்தார். நான் கத்தியதற்கு, “வாய மூடிகிட்டு படுங்க” என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஊரே அவர் வீட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டது.

பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டதால், ஒப்பந்த வேலை எடுக்கும் சிங்காரம் தன் மனைவி சௌந்தரத்தை நிறுத்தியிருந்தார். நிறுத்தினார் என்றால், மேடையில் கொண்டுவந்து உட்காரவைத்தார். பேச்செல்லாம் அவருடையதுதான்.

“பட்டாளத்துல பொம்பளைக்கு என்னாங்க வேல?” என்று ஆரம்பித்தார். ராஜாமணி தன் ராணுவச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். “செதம்பரத்துல ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்?” என்றார் சிங்காரம். இங்கிலீஷ் தெரிந்த இரண்டு பேர் அதில் ‘நர்சிங்’ என்ற வார்த்தையைக் கண்டுபிடித்து, ஆயா வேலைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு வரி படிக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. என் மச்சான் பழனிவேல் ஒரு படி மேலே போனான். “மெய்யாலுமே மிலிட்டரின்னா, இத்தினி வருசத்துல ஒரு பாட்டிலாவது ஊருக்குள்ள வந்திருக்காதா மாமா?” என்றான். அந்தக் கேள்வியில்தான் ஊரே விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். பெண்டாட்டியின் தம்பி என்ற முறை தடுத்தது.

மணவாளன் எந்தப் பக்கமும் பேசாமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். ஊரில் இன்னொரு மிலிட்டரி முளைப்பது அவருக்கும் பிடிக்கவில்லை.

தேர்தலில் தோற்றால்கூட ராஜாமணி தாங்கியிருப்பார். ஆனால் பொய்க்காரி என்று பேர் வந்துவிட்டால் அவர் கையில் யார் ஊசி போட்டுக்கொள்வார்கள்? காய்ச்சல்காரர்கள் அவர் வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்திருந்தார்கள். மைக் கேட்க வந்தவரிடம், “இந்த ஊர விட்டுட்டுப் போங்களேன்” என்று சொல்லிப் பார்த்தேன். “எந்த ஊருக்குப் போறது? இதானே என் ஊரு” என்றார்.

கடைசிக் கூட்டம் மாரியம்மன் கோயில் முனையில் நடந்தது. சிங்காரம் சவால் விட்டுக் கூப்பிட்டிருந்தார். ராஜாமணி கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் வந்து, மேடையில் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிங்காரம் மணவாளனையும் மேடைக்கு ஏற்றி, “நம்ம ஊரு மெய்யான மிலிட்டரிக்காரரு பாத்துச் சொல்லட்டும்” என்று அந்தச் சான்றிதழைத் தானே வாங்கி அவர் கையில் கொடுத்தார்.

மணவாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு வரியில் விரலை வைத்து நின்றார். நர்சம்மாவைப் பார்த்து இந்தியில் என்னவோ கேட்டார். அவரும் இந்தியிலேயே பட்டென்று பதில் சொன்னார். மணவாளன் கை தானாகத் தலைக்குப் போனது. வெறுந்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, தன் டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா! இந்த அசிங்கத்தப் பாக்க முடியாம மனுசன் எறங்கிப் போயிட்டாரு!” என்று என் மைக் கிழியக் கத்தினார். கூட்டத்தில் விசில் பறந்தது. ராஜாமணி முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மைக் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது டிவிஎஸ் சத்தம் திரும்பிக் கேட்டது. மணவாளன் வேட்டியைக் களைந்துவிட்டு பேன்ட் போட்டிருந்தார். சட்டையில் மெடல்கள், தலையில் பட்டாளத்துத் தொப்பி. மேடையேறி, நர்சம்மாவுக்கு நேரே போய், பலகை அதிர வலது காலைத் தூக்கி அடித்தார். மைக் கீச்சென்று அலறியது. விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“மேஜர் மேடம்!” என்றார்.

ராஜாமணி எழுந்து நின்றார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி நின்றன. கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. “ஜெய்ஹிந்த், ஹவில்தார் சாப்” என்றார்.

மணவாளன் மைக்கைப் பிடுங்கினார். “இவுங்க மேஜரு. நான் வெறும் ஹவில்தாரு. சர்வீஸ்ல இருந்தா இவுங்க முன்னாடி நான் ஒக்காரவே கூடாது. தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கிறது எங்க வழக்கமில்ல. அதான் ஊட்டுக்குப் போயிட்டு வந்தேன். அடிபட்டு வர்ற சிப்பாய இவுங்க மாதிரி ஆளுங்கதான்யா பொழைக்க வெச்சு அனுப்புவாங்க. என்னமோ பேசுறீங்க, பாட்டிலு பாட்டிலுன்னு!”

பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய குலவைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மேடையில் பொம்மை மாதிரி இருந்த சௌந்தரம் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை தட்டினார். சிங்காரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மேடையை விட்டு இறங்கும்போது ராஜாமணி மணவாளனிடம், “என் தலையிலயும் தொப்பி இல்ல. அதான் திருப்பி அடிக்கல. ஒங்க சல்யூட் ஒன்னு எங்கிட்ட பாக்கி இருக்கு” என்றார்.

ஓட்டு எண்ணியபோது சிங்காரத்தின் தெருவிலேயே ராஜாமணிக்குத்தான் ஜாஸ்தி விழுந்திருந்தது. ஊரே தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடியது. முதல் மாலையைப் போட்டவன் என் மச்சான் பழனிவேல். வெட்கமே கிடையாது அவனுக்கு.

அடுத்த ஜனவரி இருபத்தாறு, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கொடியேற்றம். நான்தான் மைக். மணவாளன் தொப்பியும் மெடலுமாக வந்து, “சாவ்தான்!” என்று போட்ட சத்தத்தில் சிங்காரமே விறைத்து நின்றார். தலைவர் ராஜாமணி கொடியை ஏற்றினார். மணவாளன் சல்யூட் வைத்தார்.

ராஜாமணி கைப்பையைத் திறந்தார். மடித்து வைத்திருந்த தன் பழைய தொப்பியை எடுத்து, கொண்டைக்கு மேல் சரியாகப் பொருத்திக்கொண்டு, ஊர் பார்க்க மணவாளனுக்குத் திருப்பி ஒரு சல்யூட் வைத்தார்.