அழுக்கில்லாத வீட்டில் ஆளில்லை

நஸீஹாவின் வீட்டுக்குள் ஈ நுழைந்தால்கூட வாசலில் ஆறு காலையும் துடைத்துவிட்டுத்தான் நுழையும் என்று ஜெருசலேமின் வாதி அல்ஜோஸ் தெருவில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஈ நுழையவே நுழையாது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளை வெளுப்பவள் அவள். அங்கே வெளுத்தது போதாதென்று வீட்டுக்கு வந்து கதவுப் பிடிகளையும் வெளுப்பாள். கணவர் இருந்தவரை சிகரெட் பிடிக்க மழையிலும் மொட்டை மாடிக்குத்தான் போகவேண்டும். தங்கமான மனுஷர், பாதி ஆயுளை ஈரச் சட்டையோடு கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அவள் பிறந்ததும் அதே வீட்டில்தான். மூன்று வயதில், ஒரு போர் முடிந்த கையோடு, ஊரை இஸ்ரேல் தன்னோடு இணைத்துக்கொண்டது. நஸீஹா இடத்தைவிட்டு நகரவில்லை; சட்டம்தான் நகர்ந்து வந்து அவள் தலைமேல் உட்கார்ந்தது. எல்லோருக்கும் நீல அட்டை கொடுத்தார்கள். அதற்குப் பெயர் நிரந்தரக் குடியிருப்பு. எவ்வளவு நிரந்தரம் என்று அவள் மகன் லபீபைத்தான் கேட்கவேண்டும். குவைத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தான், அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது பெற்ற தாயைப் பார்க்கச் சுற்றுலாப் பயணியாக வந்து போகிறான்.

அடுத்தது தாயின் முறை. இடுப்பெலும்பு முறிந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள நஸீஹா நாலு மாதம் பெத்லகேமில் தங்கினாள். பஸ்ஸில் போனால் சாயங்காலமே திரும்பிவிடலாம், ஆனால் அது அட்டையின் எல்லைக்கு வெளியே. உடனே கடிதம் வந்தது: உங்கள் வாழ்க்கையின் மையம் ஜெருசலேம்தான் என்று நிரூபிக்கவும். பின்னாலேயே இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், ஒருவர் இளையவர், ஒருவர் நரைத்தவர். குளிர்பெட்டியைத் திறந்தார்கள், பல் துலக்கும் பிரஷ்ஷை எண்ணினார்கள். இளையவர் தலையணையை மோந்துகூடப் பார்த்தார்.

"இங்க யாரும் குடியில்லையே," என்றார் இளையவர்.

"நான் நிக்கிறது தெரியலையா உங்களுக்கு?" என்றாள் நஸீஹா.

"இன்னைக்கு நிக்கிறீங்கம்மா. வாழ்றீங்களாங்கிறதுதான் கேள்வி. தண்ணி ரசீதப் பாத்தா ஒன்பது பேர் குடும்பம். வீட்டப் பாத்தா அரை ஆள் இருந்த அடையாளம்கூட இல்ல. அப்ப, வாடகைக்கு விட்டுட்டு நீங்க பெத்லகேம்ல இருக்கீங்க."

"வாடகைக்கு விட்டேன்னா அந்த ஒன்பது பேரு எங்க?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம்."

இதற்கு மேல் என்ன பேசுவது? முட்டாளோடு வாதாடலாம், ரசீது வைத்திருக்கும் முட்டாளோடு முடியாது.

வீட்டில் ஆளில்லை, அட்டை ரத்து என்று அடுத்த கடிதம் வந்தது. எல்லோரையும்போல அவளை உம்மு லபீப், அதாவது லபீபின் அம்மா, என்று கூப்பிடும் வக்கீல் காமில் தலையைச் சொறிந்தார். "மேல்முறையீடு போட்டாச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள எப்ப வேணா திரும்ப வருவாங்க. உங்க வீடு கட்டில் பீரோ விக்கிற கடை மாதிரி இருக்கு, உம்மு லபீப். கொஞ்சம் அழுக்கு பண்ணி வைங்க."

நஸீஹா அன்று அழுதாள். அழுக்குக்காக மட்டும் இல்லை. அட்டை போனால் ஆஸ்பத்திரி வேலை போகும், வீடு போகும், பிறந்த ஊருக்குள் கால்வைக்க அனுமதிச் சீட்டு கேட்டு வரிசையில் நிற்கவேண்டும்.

செய்தி தெரிந்ததும் பக்கத்து வீட்டு சுந்துஸ் புருஷனோடு வந்து இறங்கினாள். ஒரு கூடை நிறைய அழுக்குத்துணி, அடிப்பிடித்த பருப்புச்சட்டி, சீப்பிலிருந்து உருவிய முடி. புருஷன் அபூ ராதிப் ஒரு பை சூரியகாந்தி விதையோடு சோபாவில் சாய்ந்தான். கொறிக்கக் கொறிக்கத் தோல் நாலாபக்கமும் பறந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவன் திறமைக்கு ஒரு மரியாதை கிடைத்திருந்தது.

"டேய், தரையில துப்பாதடா!" என்று அலறினாள் நஸீஹா.

"உங்க அட்டைக்காகத்தான் துப்புறேன், உம்மு லபீப். எனக்கென்ன ஆசையா?"

"இருபது வருஷமா என் வீட்லயும் இதத்தானே பண்ற? அங்க எந்த அட்டைக்கு?" என்றாள் சுந்துஸ்.

பதினோரு நாள் நடந்தது இந்தக் கூத்து. சுந்துஸ் காலையில் அழுக்காக்குவாள், நஸீஹா மனசு கேட்காமல் மத்தியானம் கழுவிவிடுவாள். "அக்கா, அந்தச் சட்டிய மறுபடி தொட்டீங்கன்னா நானே போய் உங்க மேல புகார் குடுப்பேன்!" என்று சுந்துஸ் மிரட்டிய பிறகுதான் சட்டி தப்பியது.

பன்னிரண்டாம் நாள், விடிந்ததும் விடியாததுமாக, அடைமழையில் அதே அதிகாரிகள் வந்தார்கள். இளையவர் விதைத்தோலைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த ஆண் சட்டையையும் குழந்தைகளின் காலுறைகளையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நான் சொல்லல? வாடகைக்காரக் குடும்பம்!"

சுத்தமாக இருந்தால் ஆளில்லை, அழுக்காக இருந்தால் வேறு ஆள். அப்போதுதான் இளையவர் சேறு அப்பிய பூட்ஸோடு, அவள் முந்தைய நாள் திருட்டுத்தனமாகத் துடைத்துவைத்திருந்த ஒரே மூலையில் கால் வைத்தார்.

பதினோரு நாளாக அடக்கிவைத்தது வெடித்தது.

"எடுடா கால!" தரை துடைக்கும் மாப்போடு பாய்ந்தாள். "உங்கம்மா உனக்கு இதத்தான் சொல்லிக்குடுத்தாளா? தூக்கு! இன்னொரு காலும்! நீங்களும்தான் சார், தூக்குங்க!"

இருவரும் சோபாவில் விழுந்து கால்களை அந்தரத்தில் தூக்கிக்கொண்டார்கள். அவள் கீழே துடைத்தாள். நரைத்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எழுதிக்கப்பா, இது இவங்க வீடேதான்," என்றார். "வாடகைக்கு விட்டவ இப்படித் தொடைக்க மாட்டா." பிறகு, காலை இறக்கப் பயந்து, அப்படியே படிவத்தை மடியில் விரித்தார். "ஒரே ஒரு கட்டம் பாக்கிம்மா. ஜெருசலேமுக்கு எப்ப வந்தீங்க?"

நஸீஹா மாப்பை நிறுத்தினாள். "நான் எங்கருந்து வரணும்? நீங்கதான் வந்தீங்க. அதுவும் பூட்ஸோட."

அவர் சிரிக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு எழுந்து போனார்.

மூன்று மாதம் கழித்து அட்டை நிலைத்தது. மறுபடி எப்போது வேண்டுமானாலும் சோதிப்போம் என்ற வரியோடு தாள் வந்தது. சுந்துஸ் ஒரு தட்டு குனாஃபா இனிப்போடு ஓடிவந்தாள். அபூ ராதிப் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தான். காலியாக விட்ட கட்டத்தில் யாரோ ஒரு தேதியை நிரப்பியிருந்தார்கள். ஊரை இணைத்த வருடம் வீடுவீடாகத் தலை எண்ணினார்களே, அந்த நாள். அரசாங்கத்தின் கணக்கில் அன்றைக்குத்தான் நஸீஹா ஊருக்கு வந்து சேர்ந்தாள், மூன்று வயதில்.

நஸீஹா தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள்.

"அப்ப அதுக்கு முந்தி எங்கம்மா என்ன எங்க வச்சு வளத்தாளாம்?"