எதைப் பார்த்ததும்?

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாயின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரு முனை என்னிடம், ஆஸ்பத்திரியின் பேஸ்மென்ட்டுக்கு வண்டி இறங்கும் பாதையின் வாயில். அங்கே தெருத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு சிமென்ட் திண்டு உண்டு. மறுமுனையோடு அம்மா தெருவோரம், கேட் தூணருகே. குழாயின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். திண்டின் உயரத்தைத் தூணுக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல கருவி கிடையாது.

"உள்ள காத்துக் குமிழி இருக்கான்னு பாரு, எஞ்சினியரம்மா. இருந்தா குழாய் பொய் சொல்லும்."

"உன்னை மாதிரியா? நேத்து மாத்திரை போட்டேன்னு சொன்னியே."

"பேச்சைக் குறை. கையை ஆட்டாதே."

திண்டின் மட்டத்தைத் தூணில் கண்டுபிடித்து, அதிலிருந்து கீழே அளந்து, அந்த ஈரத் தூணிலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அதற்கு மேலே ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதுவும் அவள் போட்டதுதான்.

அம்மா அந்த ஆஸ்பத்திரியின் மின்சாரப் பொறுப்பாளர். அங்கே எல்லோருக்கும் அவள் 'கரண்ட் அக்கா'. ஜெனரேட்டர், பேனல் போர்டு எல்லாம் பேஸ்மென்ட்டில். பிறந்த குழந்தைகளின் வார்டு அதற்கு நேர் மேலே, தரைத்தளத்தில். மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கென்று ஒரு சின்ன ஜெனரேட்டர் தனியாக உண்டு; இன்குபேட்டர்களையும் அதில் ஓட்டலாம். ஆனால் லிஃப்ட் ஓடுவது கீழ் பேனலில். பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்தால் இன்குபேட்டரும் நிற்கும், குழந்தைகளை மேலே கொண்டுபோகும் வழியும் நிற்கும்.

நான் மழை, வடிகால் கணக்குப் போடுகிறவள். தெருத் தண்ணீர் திண்டைத் தாண்டுமா என்று கணக்கிட்டுத் தரச் சொல்லி அம்மா என்னை நிர்வாகக் கூட்டத்துக்கு இழுத்துப் போனாள். பழைய மழைப் பதிவு முழுவதையும் எடுத்தால் நூறு வருஷத்துக்கு ஒருமுறை. சமீபத்திய மழையை மட்டும் எடுத்தால் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை. எது சரி என்று எனக்குத் தெரியாது. மழையின் போக்கே மாறிக்கொண்டிருக்கும்போது பழைய பதிவை எவ்வளவு நம்புவது என்பதுதான் சிக்கல். அதையே சொன்னேன்.

"வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லும்மா" என்றார் நிர்வாகி.

"முடியாது சார்."

"ஜெனரேட்டரை மேல ஏத்தறதுன்னா கட்டடத்தையே திருத்தணும். அதுக்கு வருஷக்கணக்கு ஆகும். அதுவரைக்கும்... பார்க்கலாம்."

பார்க்கலாம். குழந்தை பொம்மை கேட்டாலும் அதுதான் பதில், பிடிக்காத சொந்தக்காரர் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அதுதான். எங்கள் வீட்டில் மட்டும் அந்த வார்த்தை செல்லாது. சின்ன வயதில் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு, "மழை வந்தா பார்க்கலாம்மா" என்பேன். "எதைப் பார்த்ததும் எடுப்பே? முதல் சொட்டையா, எதிர்வீட்டு அக்கா ஓடறதையா?" என்பாள்.

நிர்வாகியிடமும் அதையே கேட்டாள். "பார்க்கலாம் சார். எதைப் பார்த்ததும்?"

அப்படித்தான் சிவப்புக் கோடு வந்தது. தெருத் தண்ணீர் அதைத் தொட்டால் யாரையும் கேட்காமல் குழந்தைகளை மாடிக்கு மாற்றுவது. திண்டு மட்டத்துக்கு நாலு விரல் கீழே கோடு.

"நாலு விரல் எங்கேர்ந்து வந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"என் கையிலேர்ந்து."

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். டப்பாவைத் திறக்கவில்லை. வாசல் காவலாளி முழங்காலுக்கு மேல் நனைந்து ஓடி வந்தார். "அக்கா, கோட்டைத் தொட்டுடுச்சு."

வார்டில் டாக்டர் மிகச் சிறிய குழந்தை ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தார். மூச்சுக் குழாயோடு இருந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும்.

"இதை அசைக்கறதே ஆபத்து. மழை விட்டுடும்னு வானிலைக்காரங்க சொல்றாங்க. கொஞ்சம் பார்க்கலாமே."

"எதைப் பார்த்ததும் டாக்டர்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "மத்த குழந்தைங்களை முதல்ல ஏத்துங்க" என்றார்.

லிஃப்டில் ஒரு தடவைக்கு ஒரு இன்குபேட்டர்தான் போகும். நாங்கள் நினைத்ததைவிட ஒவ்வொரு நடையும் இழுத்தது. ஆக்சிஜன் குழாயைக் கழற்ற வேண்டும், மாற்ற வேண்டும், மேலே மாட்ட வேண்டும். அம்மா பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிட்டாள். நான் லிஃப்ட் வாசலில், போனை அவளோடு இணைப்பில் வைத்தபடி.

"திண்டைத் தாண்டிடுச்சு" என்றாள். குரலில் மாற்றம் இல்லை. பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒண்ணுதான். சின்னது."

"பேனலைத் தண்ணி தொடறதுக்குள்ள மெயினை நிறுத்தணும். சீக்கிரம்."

"நீ மேல வாம்மா."

"நான் வந்தா யாரு நிறுத்துவா, உன் கம்ப்யூட்டரா?"

டாக்டர் அந்தக் குழந்தையோடு லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. இப்போது மின்சாரத்தை நிறுத்தினால் அவர்கள் நடுவில் மாட்டுவார்கள். நிறுத்தாவிட்டால் அம்மா தண்ணீரில் நிற்கிறாள். போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. படியில் மேலே ஓடினேன். அங்கே லிஃப்ட் கதவு திறந்தது. "வந்துட்டாங்க" என்று கத்தினேன். கட்டடம் இருண்டது. அம்மா ஏதோ திட்டினாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சற்று நேரத்தில் மழை விட்டது. தண்ணீர் பேனலுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கேலிதான். "ஒரு தூறலுக்குக் கரண்ட் அக்கா ஊரையே மாடி ஏத்திட்டாங்க" என்றார்கள். ஆனால் அந்தச் சின்னக் குழந்தைக்கு மாற்றும்போது உடம்பு சில்லிட்டு, பல நாள் இழுபறி. அந்தக் குழந்தையின் அப்பா என் அம்மாவிடம், "தண்ணிதான் வார்டுக்கு வரலையே, எதுக்கு என் புள்ளையைத் தூக்கினீங்க?" என்று கேட்டார். குழந்தை தேறும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

கூட்டத்தில் நிர்வாகி கோட்டை மேலே ஏற்றச் சொன்னார். அம்மா கீழே இறக்கச் சொன்னாள். "நாலு விரல் என் தப்புக் கணக்கு சார். தண்ணி ஏறுற வேகத்தை நினைச்சேன், நாம ஏறுற வேகத்தை நினைக்கல." என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் ஒருமுறை நின்றது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

முடித்துவைத்தவர் டாக்டர். "குழந்தைக்குக் கெடுதல் மாடிக்குப் போனதால இல்ல, அவசரமாப் போனதால. எனக்கு நேரம் வேணும். கோடு கீழ வரட்டும். பல தடவை வீணாத்தான் ஏறுவோம். நிதானமா ஏறுவோம்."

அதன்படிதான் அன்று குழாயைப் பிடித்தோம். பென்சில் கோடு பழையதற்கு ஒரு சாண் கீழே. தூண் காய்ந்ததும் சிவப்பு அடித்து, பழைய கோட்டை வெள்ளையால் மறைப்பதாக இருந்தாள். மறுநாள் காலை பல் தேய்க்கப் போனவள் குளியலறை வாசலிலேயே சரிந்தாள். மாரடைப்பு. அவளுக்கு எந்தக் கோடும் போட்டு வைத்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. பெயிண்ட் கடைக்காரர். அவருக்கு விஷயம் தெரியாது.

"அக்கா, நீங்க கேட்ட சிவப்பு வந்துடுச்சு. வெள்ளையும் எடுத்து வெச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?"

ஜன்னலுக்கு வெளியே மேற்கில் இருட்டிக்கொண்டு வந்தது. தூணில் இப்போதும் கண்ணுக்குத் தெரிவது பழைய சிவப்புக் கோடுதான். காவலாளி அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பென்சில் கோடு ஒரு மழை தாங்காது.

'பார்க்கலாம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கடை எதுவரைக்கும் இருக்கும்?" என்று கேட்டேன்.