கனடாக் குளிசை

கிளினிக்கில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் அந்த அம்மாவின் எலும்புத் தேய்வுக்கு, மகன் கனடாவிலிருந்து குளிசை அனுப்புவான். கிழமைக்கொருநாள் வெறும் வயிற்றில் அதைப் போட்டுவிட்டு, படுக்காமல் முற்றத்தில் நிமிர்ந்து நடப்பார். கிளினிக்கில் தரும் அதே குளிசையைப் போடும் எனக்கு வயிறெரியும்.

“இத்தினை வருசம் போட்டது காணும், இனி நிப்பாட்டுங்கோ” என்று டொக்டர் எங்கள் இருவருக்கும் சொன்னார். நான் நிறுத்தினேன்.

“பிள்ளை அனுப்பிறதை எப்பிடி எறியிறது?” என்று அவர் வருடக்கணக்காக விழுங்கினார்.

தொடை நோகுது என்றவருக்கு, ஒருநாள் விழாமலே, கதிரையால் எழும்பும்போது தொடையெலும்பு முறிந்தது. அந்தக் குளிசையை நெடுங்காலம் போட்டால் அபூர்வமாக இப்படியும் நடக்குமாம்.

வார்டில் போய்ப் பார்த்தேன். தலைமாட்டில் மகன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

“எத்தினை வருசம் கூப்பிட்டும் வராதவன், பாத்தியளே!” என்று சிரித்தார்.

என் மகனும் லண்டனில்தான். வீடு திரும்பும்போது, நோவே இல்லாமல் நடக்கும் என் கால்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.