மாத்திரை இல்லாத வாரம்

பெண்களின் உடம்பைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் இருந்ததில்லை. ஐந்து வேளையும் விரிகிற தொழுகைப் பாய் ஒருநாள் சுருட்டியபடியே மூலையில் நின்றால், மற்ற பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும். மாதவிலக்கு நாட்களில் தொழுகையும் கிடையாது, நோன்பும் கிடையாது. விட்டுப்போன நோன்பை மட்டும் பிறகு பிடித்துவிட வேண்டும். யாராவது கேட்டால் "எனக்குத் தொழுகை இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழவேற்காட்டில் எங்கள் தெரு முழுக்க இதுதான் வழக்கம்.

என் உம்மாவுக்கு அது நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு ரமலான் மாதம் முழுவதும் ஒரு நோன்பைக்கூட விடாமல் பிடித்தாள். அதில் அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. நோன்புப் பெருநாளுக்கு வருகிறவர்களிடம், யாரும் கேட்காமலே, "இந்த வாட்டியும் ஒண்ணுகூட உடல" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு வருடா வருடம் சில நோன்பு விட்டுப்போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்தானே.

ஆனால் அது நின்றதோடு சூடு வந்து சேர்ந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பித் தலைக்கு ஏறும். முகம் சிவந்து, ரவிக்கை தொப்பலாக நனைந்துவிடும். இரவில் தூக்கம் கிடையாது. கஞ்சியில் உப்பு கூடினால் பாத்திரம் பறக்கும். என் வாப்பாவுக்கு இறால் கருவாடு வியாபாரம். "உங்க உம்மா வாசல்ல நின்னா போதும், இறால் தானா காஞ்சிடும்" என்று ஒருமுறை கிண்டல் செய்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர் கிண்டலே செய்ததில்லை.

வாப்பாவின் சிநேகிதர் வீட்டில் சொல்லித்தான் உம்மாவைப் பட்டணத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா கொடுத்தது சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை. ஹார்மோன் மாத்திரையாம். மூன்று வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் விட வேண்டும், மறுபடி மூன்று வாரம். விடுகிற வாரத்தில் கொஞ்சம் உதிரம் பட்டாலும் படும் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்.

முதலில் குமட்டலாக இருந்தது. மார்பு கனத்து வலித்தது, கால் லேசாக வீங்கியது. உம்மா அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் சூடு போய்விட்டது. தூங்கினாள். சிரித்தாள். வாப்பாவை உட்காரவைத்து மீன் முள் எடுத்துக் கொடுத்தாள். நான் அப்போது கல்யாணமாகி, கணவர் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போயிருந்ததால் உம்மா வீட்டிலேயே இருந்தேன். எனக்கு என் பழைய உம்மா திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

மாத்திரையை விட்ட முதல் வாரம், டாக்டரம்மா சொன்னபடியே உதிரம் பட்டது. எத்தனையோ வருடம் கழித்து உம்மாவின் பாய் மூலையில் சுருண்டு நின்றது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அந்த வருடம் நோன்பு சரியாகக் கத்திரி வெயிலில் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் என்று ஞாபகம். பிறை பார்த்த அன்று உம்மா உற்சாகமாக இருந்தாள். பாதி மாதம் தாண்டியிருக்கும். ஒரு மத்தியானம் பாங்கு சொல்லி முடிந்தது, பாய் விரியவில்லை. மறுநாளும் விரியவில்லை. ஒரு வாரம் தாண்டிய பிறகும் அது மூலையிலேயே நின்றது. உம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. விடிவதற்குள் எழுந்து துணிகளைத் தானே கசக்கி, யார் கண்ணிலும் படாதபடி உலர்த்தினாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நின்றுபோன பிறகு இப்படி நாட்கணக்கில் வந்தால் நல்லதல்ல என்று தெருவில் பெண்கள் கிசுகிசுத்துக் கேட்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒருத்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தாள்.

"உம்மா, பட்டணத்துக்குப் போலாம் வா" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"பாயைப் பாத்தா தெரியாதா எனக்கு?"

"மாசாமாசம் வர்றதுதான். போ, வேலையப் பாரு."

இந்த வயதில் என்ன மாசாமாசம் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். வாப்பாவிடம் போய், உம்மாவுக்குக் கால் வீக்கம் அதிகமாகிவிட்டது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன். அவர் சொன்னால் அவளால் தட்ட முடியாது.

பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். பெட்டி அடுப்பாகக் கொதித்தது. நான் நோன்பு. உம்மாவுக்கு நோன்பில்லை. கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்திருந்தேன். மீஞ்சூரில் வண்டி நின்றபோது அவள் உதடு காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்து டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவள் கண்ணாலேயே அதட்டினாள். எதிரே எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடித்தால் அவளுக்கு நோன்பில்லை என்று தெரிந்துவிடுமாம். உயிர் போனாலும் பெருமை போகக்கூடாது. அத்திப்பட்டு தாண்டும்போது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. மயக்கமா தூக்கமா என்று தெரியாமல் பட்டணம் வரை அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா உள்ளே படுக்கவைத்துச் சோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாரம் விடச் சொன்னேனே, விட்டீங்களா?"

உம்மா சுவரைப் பார்த்தாள். "உடல."

"ஏன்?"

"நோன்பு வருதுல்ல டாக்டரம்மா. மாத்திரைய உட்டா அது வந்துடுது. தொடர்ந்து முழுங்கிக்கினே இருந்தா வராதுன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா உடாம முழுங்கினேன். மொதல்ல வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நோன்பும் விடக்கூடாது என்பதற்காக இவள் இரண்டு மாதமாக இந்த வேலை பார்த்திருக்கிறாள்.

"இந்த மருந்து கர்ப்பப்பையோட உள்தோலைத் தடிக்க வைக்கும்மா. அது அப்பப்போ உதிரணும், அதுக்குத்தான் ஒரு வாரம் விடச் சொன்னது. விடாம சாப்பிட்டா அது தடிச்சுக்கிட்டே போகும். இது மாத்திரையால வந்த உதிரமா இருக்கலாம். உள்ளே வேற ஏதாவது இருந்தும் வரலாம். இந்த மருந்தைப் பத்தி எங்களுக்கே இன்னும் எல்லாம் தெரியாது." என்னைப் பார்த்துத் திரும்பினார். "இன்னிக்கே நிறுத்திடணும். பழைய சூடு திரும்ப வரும், பொறுத்துக்கணும். உதிரம் நின்னுடுச்சுன்னா மாத்திரையோட வேலைதான். நிக்கலன்னா ஒரு மாசத்துல கூட்டிட்டு வா. கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துப் பார்க்கணும்."

"இன்னா இருக்குன்னு பாக்கறதுக்கு?" என்றேன்.

"புற்று."

நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். உம்மா முன்னால் குனிந்தாள். "அப்போ இது மாசாமாசம் வர்றது இல்லியே? வியாதிதானே?"

"மாதவிலக்கு இல்லம்மா."

உம்மாவின் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "வியாதின்னா தொழலாம்டி! ஒவ்வொரு வேளைக்கும் சுத்தம் பண்ணி, புதுசா ஒளு செஞ்சிக்கினு தொழலாம். நோன்பும் புடிக்கலாம். நான்தான் தெரியாம இத்தினி நாள் உட்டுட்டேன்."

மார்க்கச் சட்டப்படி அவள் சொன்னது சரிதான். ஆனால் புற்று என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா? அவளை அங்கேயே நடுத்தெருவில் விட்டுவிட்டு வரலாமா என்று இருந்தது எனக்கு.

அன்றிலிருந்து வீட்டில் பாய் ஐந்து வேளையும் விரிந்தது. அதுதான் என்னைக் கொன்றது. நின்றுவிட்டதால் தொழுகிறாளா, நிற்காமலே தொழுகிறாளா? இத்தனை வருடம் எல்லாவற்றையும் சொல்லிவந்த பாய் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவள் நடையைப் பார்த்தேன். உட்கார்ந்து எழும்போது முகத்தைப் பார்த்தேன். கொல்லையில் துணிக்கொடியைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பெருநாள் வந்தது, போனது. உம்மா சாந்தமாகவே இருந்தாள், ஒரு பாத்திரமும் பறக்கவில்லை. "எல்லாம் நோன்போட பரக்கத்து" என்று, நோன்பு தந்த அருளாக நினைத்து, வாப்பா மகிழ்ந்துபோனார். எனக்கோ டாக்டரம்மா சொன்ன ஒரு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்டுவிடலாம் என்று தினமும் நினைப்பேன். மகள் உம்மாவிடம் கேட்கிற கேள்வியா அது? கடைசியில் ஒரு மத்தியானம் கிணற்றடியில் அவள் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"உம்மா, நின்னுச்சா இல்லியா?"

அவள் கையிலிருந்த தண்ணீர் அப்படியே வழிந்தது. "இன்னாடி கேள்வி இது?"

"சொல்லு உம்மா."

தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னும் படுது."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், உம்மா நமக்கு இல்லை என்று தோன்றியது. அழக்கூட வரவில்லை.

அவள் மெல்லச் சொன்னாள். "மாத்திரையும் முழுங்கிக்கினுதான் கீறேன்."

"இன்னாது?"

"முடியலடி என்னால. ரெண்டு நாள் நிறுத்திப் பாத்தேன். அந்தச் சூடு திரும்ப வந்துச்சு. ராவெல்லாம் எழுந்து உக்காந்துக்கினு, மாரு படபடன்னு, இப்பவே செத்துடுவேன்னு... உனக்குத் தெரியாதுடி. இது வந்தப்புறம்தான் நான் மனுஷியா இருந்தேன்."

"செத்துடுவேன்னு பயந்துக்கினு சாவுறதுக்கு மாத்திரை திங்கிறியா?" நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. பிறகுதான் அழுகை வந்தது. உம்மாவும் அழுதாள். அவள் இதற்கு முன் என் எதிரில் அழுததே இல்லை.

அவளே உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். ஏரிக்கரைக்குப் போய் அத்தனையும் தண்ணீரில் கொட்டினேன். திரும்பி வந்து கண்டிப்பாகச் சொன்னேன். இனிமேல் தினம் மத்தியானம் கேட்பேன், வெட்கப்படாமல் பதில் சொல்ல வேண்டும்; மாத்திரையை விட்டும் நிற்கவில்லையென்றால் பட்டணத்துக்குப் போயே ஆக வேண்டும்.

சூடு திரும்பியது. பாத்திரங்கள் பறந்தன. வாப்பா கடையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். நான் பனையோலை விசிறியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கை விட்டுப்போகும் வரை விசிறுவேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே காற்று வாங்குவாள். மத்தியானம் கிணற்றடியில் "இன்னிக்கு?" என்பேன். "படுது" என்பாள். மறுநாள், "கொஞ்சம்." அதற்கப்புறம் தினமும் அதே "கொஞ்சம்"தான். டாக்டரம்மாவிடம் திரும்பப் போக வாப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது.

அன்று மத்தியானம் நான் "இன்னிக்கு?" என்றபோது என் குரல் நடுங்கியிருக்க வேண்டும். உம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிவந்து, வியர்வை மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லடி. சுத்தமா நின்னு ஒரு வாரம் ஆவுது."

"ஒரு வாரமா? நேத்துகூடக் கொஞ்சம்னியே!"

"நின்னுடுச்சுன்னா நீ கேக்க வரமாட்டியே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். உள்ளே போய் அவள் பாயை எடுத்து விரித்தேன். அவள் தொழுது முடிக்கும் வரை பின்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.