கடைசி மூட்டை

எங்கள் காய்கறி விவசாயிகள் சங்கத்தில், எந்தத் தோட்டத்து மூட்டையை ஜீப் முதலில் ஏற்ற வேண்டும் என்பதைப் பல வருஷமாக முடிவு செய்தது நான் எழுதிய ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் நிரல், எக்செல் மேக்ரோ. காலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரிசை வந்துவிடும். முதலில் ஏறிய மூட்டைகள் ரோட்டுக்கு வந்து முதல் லாரியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும். கடைசியில் ஏறியவை, ஏலம் முடிந்து வியாபாரிகள் கலைந்த பிறகு போய்ச் சேரும். சண்டை வரக் கூடாது என்று முறை தினமும் சுழலும்படி எழுதியிருந்தேன். அதில் எனக்குத் தலைக்கனம்கூட உண்டு. யாராவது குறை சொன்னால், "கம்ப்யூட்டருக்கு வேண்டியவன் வேண்டாதவன்னு கெடையாதுங்க" என்று வாயை அடைத்துவிடுவேன்.

போன வருஷம் எல்லாவற்றையும் ஆன்லைன் மென்பொருளுக்கு மாற்றுவதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். மாற்றித் தரும் பெண் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் பேசுவார். மேக்ரோவை அப்படியே தூக்கி வைக்க முடியாது, ஒவ்வொரு விதியையும் சாதாரண வாக்கியமாக எழுதி, எதற்காக என்றும் சொல்ல வேண்டும் என்றார். வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தோம்.

"சார், இந்த ஒரு மெம்பர் நம்பர் மட்டும் எப்பவும் கடைசிக்குப் போகுதே, எதுக்கு?"

அப்படியெல்லாம் இருக்காது என்றுதான் முதலில் சொன்னேன். திரையில் அந்த வரியைக் காட்டினார். நான் எழுதியதுதான். வில்பட்டியில் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவின் எண்.

அவர் கணவர் இறந்தபோது எழுதியது. சாவு விழுந்த வீட்டு மூட்டையை முதலில் ஏற்ற எங்கள் ஜீப் டிரைவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். காரியம் முடிகிற பதினாறு நாளும் அது கடைசியில்தான் ஏறும். மற்ற வீடுகளுக்கு நான் தினமும் கையாலேயே வரிசையை மாற்றிவிடுவது வழக்கம். அந்த முறை சோம்பல்பட்டு மேக்ரோவில் ஒரு வரி சேர்த்தேன். பதினாறாம் நாள் அதை எடுக்க மறந்துபோனேன்.

ஐந்து வருஷம். அந்தப் பெண் "சார், இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

கேரட் வாடிப்போய்ச் சேருகிறது என்று புகார் வந்தபோது நானே அந்த அக்காவிடம் கத்தியிருக்கிறேன். "வெரசா புடுங்கி வைக்கக் கூடாதாக்கா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். பிறகு அவர் கேரட்டை விட்டுவிட்டுப் பூண்டுக்கு மாறிவிட்டார். நான் காரணம்கூடக் கேட்கவில்லை.

மறுநாளே வில்பட்டிக்குப் போனேன். வாசலில் பூண்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"மறந்துட்டீகளா?" என்றார். அவர் முகத்தில்தான் என்னைவிட அதிர்ச்சி. "நான் சங்கத்து வழக்கம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். தாலி அறுத்தவ மூட்டை முதல்ல ஏறக் கூடாதுன்னு வச்சிருக்காகன்னு."

"ஐயோ, இல்லக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"இதப் போயி கேப்பாகளா தம்பி?"

ஊரில் கல்யாண வீட்டிலும் கோயில் காப்புக்கட்டிலும் ஒதுங்கி நிற்கப் பழகியவருக்கு, என் கம்ப்யூட்டரும் அதையேதான் சொல்கிறது என்று பட்டிருக்கிறது. டிரைவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஒருவர்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை.

அவர் பூண்டைக் கையால் பரப்பிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"புதுசா போடுறீகளே, அதுல அப்படி எதுவும் இல்லயே?"

"இல்லக்கா. எல்லாருக்கும் ஒரே சுத்துதான்."

"அப்ப அடுத்த போகத்துக்கு நான் கேரட்டு வெதைக்கலாமா தம்பி?"

அவருடைய நிலத்தில் விதைக்க என்னிடம் உத்தரவு கேட்டார்.