ஞாயிற்றுக்கிழமை நட்சத்திரம்

அவரை எல்லாரும் ‘வானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாளில் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து சாக்கடையில் விழுந்து பெற்ற பட்டம் அது. பின்னால் முதுகலை, முனைவர் என்று எத்தனையோ வாங்கினார். எதுவும் அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

விண்வெளி ஆராய்ச்சி என்றால் விண்வெளியைப் பார்ப்பது என்று அவர் நம்பியிருந்தார். ஜன்னலில்லாத அறையில் திரையில் ஓடும் கோட்டைப் பார்ப்பது என்று தெரிய வந்தபோது, வேறு எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவராகியிருந்தார்.

மலைமேல் இருந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் தற்காலிக ஆய்வாளராகச் சேர்ந்தார். குடும்பஸ்தர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டும்; கல்யாணமாகாதவருக்குப் போக என்ன இடமிருக்கிறது? எல்லா ஞாயிறும் அவர் தலையில் விடிந்தது. தொலைநோக்கியின் பிரம்மாண்டமான கிண்ணம், ஒரு நாற்காலி, ஆறிப்போன டீ, அவர்.

அப்படி இருக்கையில்தான் கண்டுபிடித்தார். மங்கலான ஒரு நட்சத்திரத்தின் திசையிலிருந்து கூர்மையான துடிப்பு. ஏழு நாளுக்கு ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின். அது நிஜமென்று தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இயக்குநர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, உன் நட்சத்திரம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வாயத் திறக்குமா?”

“ஏழு நாள் சுழற்சி சார்.”

“வாரத்துக்கும் அதே சுழற்சிதான். ஞாயித்துக்கிழமை இங்க யாரு, என்ன பண்றாங்க?”

“நான் மட்டும்தான் சார். ஒண்ணும் பண்றதில்ல. சாப்பிட்டு முடிச்சு அம்மாகிட்ட போன்ல பேசுவேன்.”

இயக்குநர் வரைபடத்தை மடித்து மேசைமேல் வைத்தார்.

“கட்டுப்பாட்டு அறையில இல்ல சார்! விதிப்படி வெளிய, கிண்ணத்துக்குப் பின்னாடி, நிழல்ல நின்னு...”

“அதுக்கு முதுகுலயும் காது உண்டுப்பா. செல்போன் அலையும் அதுல விழும்.”

சோதனை எளிது: அம்மாவிடம் பேசக் கூடாது. வேறு யாராவது செய்தால் மழுப்பிவிடுவார்கள் என்று ‘வானம்’ தானே செய்தார். அடுத்த ஞாயிறு அவர் பேசவில்லை, நட்சத்திரமும் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு, முழுக்க அறிவியல் நோக்கத்துடன், கிண்ணத்தின் பின்னால் போய் நின்று அழைத்தார்.

“என்னடா, உசுரோட இருக்கியா?”

“இருக்கேம்மா. ஒரு சோதனைக்காகத்தான்...”

“பெத்தவளயா சோதிக்கிற? சரி விடு. அங்க வானம் எப்படி, மழை வருமா?”

“தெரியலம்மா, பாக்கல.”

திரும்பி வந்து திரையைப் பார்த்தார். நட்சத்திரம் பளிச்சென்று துடித்திருந்தது.

கண்டுபிடிப்பு போயிற்று. ஆனால் போலித் துடிப்புகளை இனங்காண்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை நன்றாக எடுபட்டு, அதன் புண்ணியத்தில் வேலை நிரந்தரமாயிற்று. ஆராய்ச்சி விஞ்ஞானியாக அவர் போட்ட முதல் கையெழுத்து, நிலைய வளாகத்துக்குள் செல்போனே கூடாது என்ற புது விதியின் கீழே.

இப்போதெல்லாம் அம்மாவிடம் பேச மலையிறங்கி, கடைசி வளைவையும் தாண்டிப் போகிறார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து திரைமுன் உட்காருகிறார். ஞாயிறு மதியம் கோடு ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் நேராக ஓடுகிறது. அவர்கள் துறையில் அதற்குப் பெயர், தரமான பதிவு.