ஹலால் சின்னத்தைப் பார்த்து சைவம் என்று சொன்னேன்

என்னை முதன்முதலில் 'கோச்' என்று கூப்பிட்டவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கோயிலில் நின்று கண்ணை மூடினாலும் அந்த அக்காவின் முகம்தான் முன்னால் வருகிறது. சாமி கும்பிட வந்த இடத்தில் இப்படி ஒரு நினைப்பா என்று எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நான் மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாவது வரைதான் படித்தவள். பத்தொன்பது வருஷம் பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கும் தொழிற்சாலை ஒன்றில், மைக்ராஸ்கோப் முன்னால் குனிந்தபடியே வேலை செய்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு ஏறியது, இனிப்பு நீர் வியாதியும் வந்தது. கிளினிக் டாக்டர் நடக்கச் சொன்னார். ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டைச் சுற்றிக் காலையில் நடக்க ஆரம்பித்தேன். முதலில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், பிறகு அடுத்த புளோக்கிலிருந்து இரண்டு பேர், அப்படியே ஏழு பேர் என்னோடு சேர்ந்துவிட்டார்கள். மண்டபத்தில் மலாய்க்காரப் பெண்கள் செய்யும் செனாம்ரோபிக் உடற்பயிற்சியை ஓரமாக நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, பிளாட்டுக்குக் கீழே முருகன் பாட்டைப் போட்டு இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சேலைதான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்த ஒருத்திகூட மூன்றாம் வாரம் டிராக் சூட்டில் வந்து நின்றாள். "என் வீட்டுக்காரர் என்னை அடையாளமே கண்டுபிடிக்கல லா" என்று அவள் சொல்ல, அன்று பயிற்சியே நடக்கவில்லை. அவ்வளவு சிரிப்பு.

தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் அந்த அக்கா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, குங்குமம், கையில் ஒரு பெரிய டின். ஆள் சேர்த்துச் சத்து பவுடர் விற்கும் கம்பெனி ஒன்றில் ரொம்ப மேலே இருப்பவர். தண்ணீரில் கலக்கி ஷேக் மாதிரி குடிக்கும் பவுடர் அது.

"தங்கச்சி, நீ இனிமே வேலைக்காரி இல்ல. தொழில்முனைவர். கோச். இந்த ஏழு பேரும் உன் கிளப்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது தெரியுமா? பத்தொன்பது வருஷத்தில் என்னை ஒரு சூப்பர்வைசர்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். இந்த அம்மா கோச் என்கிறார். மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடிக்கடையை வாடகைக்கு எடுத்தோம். எடை பார்க்கும் மெஷின், சுவரில் கண்ணாடி, மூலையில் ஒரு முருகன் படம். தினம் காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.

தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் இருக்கும்போது அக்கா சொன்னார். "இப்பதான் நமக்கு சீசன். நம்மாளுங்க எல்லாம் விரதத்துல இருப்பாங்க, உடம்புல தெம்பு இருக்காது. ஷேக் கொடு, விட்டுடாத."

"அக்கா, இது சைவந்தானே?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதற்கு அந்த முருகன் படமே சாட்சி.

அவர் டின்னைத் திருப்பி அதில் இருந்த ஹலால் சின்னத்தையும், பக்கத்தில் இருந்த பச்சை இலைப் படத்தையும் காட்டினார். "பார், எல்லாம் கிளியரா போட்டிருக்கு. சைவந்தான்."

நானும் நம்பினேன். சின்னத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது முஸ்லிம்கள் சாப்பிடலாம் என்று சொன்னது, அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. ஹலால் கடையில் கோழியும் ஆடும் தொங்குவதை, மீன் அடுக்கியிருப்பதை தினம் பார்த்துக்கொண்டே போகிறவள் நான். அப்படியிருந்தும் டின்னில் அதைப் பார்த்ததும் சைவம் என்று எப்படி எடுத்துக்கொண்டேனோ! என் ஏழு பேரிடமும் அக்கா காட்டிய அதே இடத்தில் விரலை வைத்துக் காட்டி, "சுத்த சைவம், பயப்படாம குடிங்க" என்று நானே சொன்னேன்.

அந்த ஏழு பேரில் ஒருவர் பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கும் அக்கா. அவர் கணவருக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர் எழுந்து நடந்தால் நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து பால்குடம் எடுக்கிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டார். மனுஷன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை தானே போகிறார். அந்த நேர்த்திக்கடனுக்குத்தான் விரதம். தினமும் நாலு மணிக்கு எழுந்து குளித்து, கேன்டீனில் மற்றவர்களுக்குக் கோழிக்கறி ஆக்கிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் ஒருவேளைச் சோறு. அவருக்குத்தான் நான் தினம் காலையில் ஒரு கிளாஸ் ஷேக் கலக்கிக் கொடுத்தேன். முப்பத்தொரு நாள் கொடுத்தேன்.

நானும் விரதத்தில்தான் இருந்தேன். முப்பத்தோராம் நாள், வகுப்பு முடிந்து மார்க்கெட் எதிரில் இருக்கும் சின்ன சீன சைவச் சாப்பாட்டு ஒட்டுக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார ஆன்ட்டி பிறந்ததிலிருந்து சைவம், புத்தர் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார். அவரையும் கிளப்பில் சேர்த்துவிடலாம் என்ற ஆசையில் டின்னைக் கொண்டுபோய் நீட்டினேன். ஆன்ட்டி கண்ணாடியை மூக்கில் இறக்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு டின்னை மேசையில் வைக்காமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இனி புக்கான் சாயோர் லா, காக். அடா இக்கான்" என்று மலாயில் சொன்னார். இது சைவம் இல்லை, இதில் மீன் இருக்கிறது.

கொலாஜன் என்று ஒன்று, மீன் தோலிலிருந்து எடுப்பதாம். எழுத்து எழுத்தாக எனக்குக் காட்டினார். பச்சை இலைப் படம் வெறும் அலங்காரம். அங்கேயே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பாவம் அந்த ஆன்ட்டி, எனக்கு முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கடை வாசலிலிருந்தே பவுடர் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஓ, அதுவா" என்றார். அதுவா! "எனக்குத் தெரியும்மா. கொஞ்சூண்டு பவுடர்தானே. அது என்ன, மீன் குழம்பா?"

"தெரிஞ்சேவா சைவம்னு சொன்னீங்க?"

"இதப் பாரு, பிசினஸ்ல இவ்வளவு சென்டிமென்ட் ஆகாது. இன்னும் பதினேழு நாள்தான். வாய மூடிட்டு இரு. முருகன் என்ன, லேபிள் படிச்சுக்கிட்டா இருக்காரு?"

அந்த வார்த்தைதான். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், அதையெல்லாம் விட்டுவிடுவேன். ஆனால் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, பின்னாலேயே சிரித்தார் பாருங்கள். "நீங்க படிச்சீங்கள்ல, தெரிஞ்சும் ஊத்தச் சொன்னீங்கள்ல" என்று நான் கத்தியதில் மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் ஏழு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் கிளப் இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்தும் இருக்காது. ஆனால் மூலையில் எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு இன்னொரு கிளாஸ் கலக்க என் கை வரவில்லை.

டிராக் சூட்காரி எழுந்து நின்றாள். "சைவம்னு நீதான் சொன்ன. அந்தம்மா எங்ககிட்ட சொல்லல. நீ சொன்ன." அவள் சொன்னது சரிதான். அவளும் இன்னும் மூன்று பேரும் போய்விட்டார்கள். இன்றுவரை திரும்பவில்லை.

கேன்டீன் அக்கா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாம நடந்தது அக்கா, குத்தம் ஆகாது, பதினேழு நாள் அப்படியே முடிச்சிடுங்க" என்று மற்ற இருவரும் சொன்னார்கள்.

"சாமி மன்னிச்சிடுவாரு. அது எனக்குத் தெரியாதா? ஆனா நான் நாப்பத்தெட்டுன்னு சொன்னேன். சொன்னதுல முப்பத்தொண்ணு இல்லாம போச்சு. மறுபடி முழுசா இருந்துட்டு பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல. தைப்பூசத்தன்னைக்கு வீல்சேர்ல வந்து பார்க்கணும்னு நாள் எண்ணிக்கிட்டு இருக்காரு" என்றார். அவர் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மாடிக்கடையை விட்டுவிட்டேன். மிச்சம் இருந்த டின்களை பவுடர் அக்காவின் வீட்டு கேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். மறுபடி பிளாட்டுக்குக் கீழேதான் வகுப்பு, மூன்று பேரோடு.

தைப்பூசத்தன்று நானும் கேன்டீன் அக்காவும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலை ஓரத்தில் நின்றோம். அவர் கணவர் வீல்சேரில், மடியில் ஒரு துண்டு. மஞ்சள் சேலைகளும் பால்குடங்களும் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கூட்டத்தில் அவரும் வந்தார். என்னைக் கோச் ஆக்கிய அதே அக்கா, தலையில் பால்குடம். கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி நடந்தபடி வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தலையைக்கூட ஆட்டினார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஒரு அடி முன்னால் வைத்தேன். கேன்டீன் அக்கா என் கையைப் பிடித்தார், பிறகு அந்தக் குடத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"அவளையா கும்பிடுறீங்க?" என்றேன்.

"பாலு முருகனுக்குப் போகுது. நீயும் கும்பிடு லா, நடுரோட்டுல சண்ட போடாத."

கும்பிட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த முகம் தெரியாமல். குடம் எங்களைத் தாண்டிப் போகும்வரை திறக்கவே இல்லை. திறந்தபோது கேன்டீன் அக்காவின் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கேன்டீன் அக்கா மறுபடி எடுத்த நாற்பத்தெட்டு நாள் விரதத்தின் முதல் நாளில் நானும் அவரோடு சேர்ந்து விரதம் ஆரம்பித்தேன்.